2029இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு நூறு வயது: சுவரில் எந்தெந்த ஆண்டுகளை எழுதலாம்?

கொள்ளிடக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் மக்களே, ஒரு உதவி வேணும்.

காட்டுமன்னார்கோயில் பக்கம் எங்க ஊர் படிப்பகத்துல தெற்குச் சுவர் முழுக்க காலியா கிடக்கு. இருபது அடி நீளம். அதுல ஒரு காலப்பட்டை எழுதலாம்னு பசங்க ஆசைப்படறாங்க. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு 2029ல நூறு ஆகுது. எங்க ஊர்ல வீட்டுக்கு ஒருத்தராவது அங்க படிச்சவங்க, இல்ல வேலை பார்த்தவங்க, இல்ல தபால்ல படிச்சவங்க. மூணு வரிசையா போடலாம்னு யோசனை. மேல உலகம், நடுவுல நாடு, கீழ அண்ணாமலை நகர். பெயின்டர் எழுத்துக் கணக்குக்குக் காசு கேக்கறார். அதனால கண்டதையும் எழுத முடியாது.

முதல் வரைவு இது:

1920: சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரி / ஒத்துழையாமை இயக்கம்
1929: பல்கலைக்கழகம் தொடக்கம் / லாகூர் காங்கிரஸ் / நியூயார்க் பங்குச்சந்தை சரிவு
1939: இரண்டாம் உலகப்போர்
1947: விடுதலை
1965: இந்தி எதிர்ப்புப் போர், மாணவர் ராஜேந்திரன் பலி
1969: நிலவில் மனிதன்
1979: தொலைதூரக் கல்வி
2004: சுனாமி
2013: அரசு ஏற்பு

விட்டுப்போனதைச் சொல்லுங்க. தப்பு இருந்தா திட்டுங்க.

குடந்தை வெற்றிலை

முதல்ல ஒரு சந்தேகம். சிதம்பரம் எப்போலேருந்து டெல்டா? கொள்ளிடத்தைத் தாண்டினா தென்னாற்காடுன்னுதான் எங்க தாத்தா சொல்லுவார் 😀

கொள்ளிடக்கரையான்

அண்ணே, கீழணையிலேருந்து வடவாறு, வடவாத்துலேருந்து வீராணம். இந்தப் பக்கம் வடக்கு ராஜன் வாய்க்கால். நாங்க குடிக்கிறதும் பாய்ச்சறதும் காவேரித் தண்ணிதான். 2020ல வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துலயே காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டைன்னு எங்க அஞ்சு ஒன்றியமும் இருக்கு. உங்க தாத்தாவுக்கு ஒரு நகல் அனுப்பட்டுமா?

குடந்தை வெற்றிலை

தாத்தா வழக்கை வாபஸ் வாங்கிக்கிட்டார்.

ரயில்கேட்

நான் எண்பதுகள்ல அங்க இன்ஜினியரிங். ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க தம்பி. இந்த மாதிரி பட்டையை எல்லா ஸ்கூல் சுவர்லயும் பார்த்திருக்கேன். பக்கத்துல பக்கத்துல எழுதிட்டா சம்பந்தம் வந்துடுமா? 1969ல ஆம்ஸ்ட்ராங் நிலாவுல கால் வச்சார், சரி. அதனால அண்ணாமலை நகர்ல என்ன மாறிச்சு? அன்னிக்கும் மெஸ்ல அதே சாம்பார்தான் ஊத்தியிருப்பாங்க. 1929ல பல்கலைக்கழகம், அதே வருஷம் பங்குச்சந்தை சரிவு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு கயிறு கட்டிக் காட்டுங்க, ஒத்துக்கறேன். இல்லேன்னா அந்த வரியை அடிச்சுடுங்க, பெயின்டர் காசாவது மிஞ்சும்.

பழைய மீனாட்சி

ரயில்கேட் கேட்பது நியாயம். ஆனால் அவர் அடிக்கச் சொல்லும் வரியில்தான் கயிறு கெட்டியாக இருக்கிறது. அது ரங்கூன் வழியாகப் போகிறது. (வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன், நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ராஜா அண்ணாமலை செட்டியார் தம் மீனாட்சி கல்லூரியையும் தமிழ்க் கல்லூரி முதலியவற்றையும் 20 லட்சம் ரூபாயோடு சேர்த்துக் கொடுத்த பிறகுதான் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. 1929இல் 20 லட்சம். அவருடைய ஊரான கானாடுகாத்தானின் செம்மண்ணில் அந்தப் பணம் விளையாது. நகரத்தார் லேவாதேவியின் பெரிய களம் பர்மா. ஐராவதியின் கழிமுகத்தில் காடு வெட்டி நெல் போட்ட விவசாயிக்கு விதைக்கும் கூலிக்கும் வேண்டிய முதல் செட்டியார் கடையிலிருந்து போனது. ஊரிலிருந்து போன ஏஜென்ட் மூன்று வருஷக் கணக்கு முடித்துத் திரும்புவார், அடுத்தவர் போவார். ஒரு டெல்டாவின் நெல் இன்னொரு டெல்டாவின் ஓரத்தில் கல்லூரிக் கட்டடமாக எழுந்தது என்று சொன்னால் மிகையில்லை.

பல்கலைக்கழகம் தொடங்கிய அதே வருஷக் கடைசியில் நியூயார்க்கில் பங்குச்சந்தை விழுந்தது. அடுத்த ஆண்டே நெல் விலை சரிந்தது. பர்மா விவசாயியால் வட்டியே கட்ட முடியவில்லை, அடமான நிலம் கை மாறியது. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் ஏறக்குறைய 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். கேட்பதற்குப் பெரிய லாபம் போல இருக்கும். உண்மையில் சுற்ற வேண்டிய பணம் சேற்றில் மாட்டிக்கொண்டது. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது, 1942இல் ஜப்பானியர் வந்தார்கள், 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கியது. அதே 1948இல்தான் ராஜாவும் காலமானார்.

இந்தப் பக்கமும் அதே கதை. பர்மா அரிசியும் சயாம் அரிசியும் மலிவாக வந்து இறங்க, தஞ்சை நெல் விலை படுத்துவிட்டது. மேட்டூர் அணை 1934இல் திறந்தது. தண்ணீர் வந்த வருஷம் விலை இல்லை. பிள்ளையைச் சிதம்பரத்துக்குப் படிக்க அனுப்பிய மிராசுதார் எத்தனை பேர் கட்டணத்துக்குக் கடன் பத்திரம் எழுதியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஆகவே 1929இன் உலக வரிசையில் "நியூயார்க்" என்று மட்டும் போடாதீர்கள். "நெல் விலை வீழ்ச்சி" என்று போடுங்கள்.

நாகைத் தோழர்

ஐயா, நல்லா எழுதறீங்க. ஆனா பர்மா விவசாயி நிலம் போனதை "சேற்றில் மாட்டிக்கொண்ட பணம்"னு செட்டியார் பக்கம் நின்னு சொல்றீங்களே. நிலத்தை இழந்தவன் பக்கம் எது? 1930 டிசம்பர்ல தராவடியில ஆரம்பிச்ச சயா சான் கிளர்ச்சி அந்தக் கோபத்துலதானே வெடிச்சது? அவரை 1931ல தூக்குல போட்டாங்க. அதையும் சுவர்ல எழுதணும். கீழ்வெண்மணி நடந்த ஜில்லாக்காரங்க நாம. குத்தகைக்காரன் கதை நமக்குப் புதுசா?

பழைய மீனாட்சி

தோழர் சொல்வதை ஏற்கிறேன், சயா சானை எழுதலாம். காலவரிசையை மட்டும் மாற்ற வேண்டாம். நன்கொடை முதலில், நிலம் கை மாறியது பிறகு. பறித்த நிலத்தை விற்றுப் பல்கலைக்கழகம் கட்டினார் என்று நாளைக்கு ஒரு பையன் சுவரைப் பார்த்துச் சொல்லக் கூடாது. வட்டிப் பணம் என்று சொன்னால் மறுக்க மாட்டேன்.

நாகைத் தோழர்

வட்டிப் பணம்னே எழுதுங்க, போதும்.

குடந்தை வெற்றிலை

எங்க ஊரை விட்டுட்டு இந்தப் பட்டையை எழுத முடியாது. கும்பகோணம் கல்லூரி 1854ல பள்ளியா ஆரம்பிச்சு 1867ல காலேஜ் ஆனது. தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்னு ஒரு பெருமை உண்டு. (பெருமையை மட்டும் சொன்னா போதாது. கணக்கைத் தவிர எதையும் படிக்காத ராமானுஜனுக்கு உதவித்தொகையை நிறுத்தினதும் இதே காலேஜ்தான். கேம்பிரிட்ஜுக்குப் போறதுக்கு முன்னாடியே உள்ளூர் கேம்பிரிட்ஜ்ல ஃபெயில் ஆன மனுஷன்.)

சிதம்பரத்துக்கு என்ன சம்பந்தம்னா, உ.வே.சா. 1880லேருந்து எங்க காலேஜ்ல தமிழ் சொல்லிக் கொடுத்தவர். அதே வருஷம் முன்சீபா வந்த சேலம் ராமசாமி முதலியார் "சிந்தாமணி படிச்சிருக்கீரா?"ங்கிற மாதிரி கேட்டுத்தான் பழந்தமிழ் ஏடு பக்கமே அவர் திரும்பினார். அப்புறம் 1924லேருந்து 1927 வரைக்கும் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு அவர்தான் முதல்வர். அடுத்தது வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. எங்க காலேஜ்ல படிச்சவர். தென்னாப்பிரிக்காவுல இந்தியாவோட ஏஜென்ட்டா இருந்துட்டு வந்து 1935லேருந்து 1940 வரைக்கும் அண்ணாமலைக்குத் துணைவேந்தர். சாஸ்திரி ஹால்னு நீங்க எல்லாம் சொல்றது அவர் பேர்லதான். ஆக உங்க பல்கலைக்கழகத்துக்கு நாத்து விட்டது நாங்க!

ரயில்கேட்

நாத்து விட்டது நீங்கன்னா சரி. அறுவடை எங்களுது.

ஆனா கயிறு கட்டச் சொன்னேன்ல, ஒரு கயிறு நானே கொண்டுவரேன். எங்க கணக்கு வாத்தியார் வகுப்புல அடிக்கடி ஒரு பேர் சொல்லுவார்: எஸ்.எஸ். பிள்ளை. செங்கோட்டை வல்லத்துக்காரர். 1929லேருந்து 1941 வரைக்கும் அண்ணாமலையில கணக்குச் சொல்லிக் கொடுத்தார். வாரிங் கணக்குன்னு ஒண்ணு, பதினெட்டாம் நூத்தாண்டுப் புதிர். எந்த முழு எண்ணையும் நாலு வர்க்கத்தோட கூட்டலா எழுதலாம். கன எண்ணா இருந்தா ஒன்பது போதும். இப்படியே ஒவ்வொரு படிக்கும் அதிகபட்சம் எத்தனை வேணும்? பொதுவான விடையை 1935–36ல அண்ணாமலை நகர்ல உக்காந்து பெரும்பகுதி முடிச்சவர் பிள்ளை. அமெரிக்காவுல டிக்சன் தனியா அதே விடைக்கு வந்தார். ஆறாம் படிக்கு 73ன்னு பிள்ளை நிரூபிச்சது 1940ல. உலகமே போர்ல இருக்கு, இங்க ஒருத்தர் 73ஐப் பிடிச்சுக்கிட்டு இருக்கார்.

பிரின்ஸ்டன்ல ஒரு வருஷம் வந்து இருங்கன்னு அழைப்பு வந்துச்சு. போற வழியில ஹார்வர்டுல உலகக் கணித மாநாடு. 1950 ஆகஸ்ட் 31, கெய்ரோகிட்ட விமானம் விழுந்து இறந்துட்டார். வயசு 49. இவருக்குச் சுவர்ல இடம் இல்லேன்னா நான் சாயம் கொண்டுவந்து நானே எழுதிடுவேன்.

கொள்ளிடக்கரையான்

1969 நிலாவை அடிச்சாச்சு. அந்த இடத்துக் காசுல பிள்ளை.

சம்பா நடவு

இவ்வளவு நாள் படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன். இன்னிக்குத்தான் எழுதறேன். மன்னார்குடி பக்கம் எங்க ஊர்.

எங்க தாத்தா 1941ல அண்ணாமலையில இன்டர்மீடியட் சேர்ந்தவர். போன வருஷம் பழைய வீட்டைப் பிரிக்கும்போது அவர் டிரங்குப் பெட்டியில ஒரு கணக்கு நோட்டு கிடைச்சது. காகிதம் பொடிப்பொடியா உதிருது. எல்லாம் செலவுக் கணக்கு. "ஜட்கா 2 அணா", "சலவை", "மெஸ் பாக்கி", "நடராஜர் அர்ச்சனை". சுவாரசியமா ஒண்ணும் இல்லேன்னு மூடி வச்சுட்டேன்.

பழைய மீனாட்சி ஐயா எழுதினதைப் படிச்சதும் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 1942 பிப்ரவரி கடைசியிலேருந்து ஓரத்துல பென்சில்ல சின்னதா ஒரு வரி: "வி.க்கு தபால் இல்லை". மறுநாளும் அதே. அதுக்கு மறுநாளும். மார்ச் முழுக்க. சில நாள் "இல்லை"ன்னு மட்டும். வி. யாருன்னு அத்தையைக் கேட்டேன். தாத்தாவோட அறைத்தோழர், தேவகோட்டைப் பக்கத்துப் பையனாம். அப்பா ரங்கூன்ல கடையில இருந்தாராம். ஏப்ரல் நடுவுல ஒரு நாள் மட்டும் மசியில, கொஞ்சம் பெரிய எழுத்துல: "வி.க்கு கார்டு வந்தது. சிட்டகாங்." கீழ, "காப்பி, இருவருக்கும், ஓட்டலில்". அந்தச் செலவுக்குத் தொகை போடவே இல்லை. பைசா விடாம எழுதற மனுஷன்.

அது என்ன சிட்டகாங்? யாராவது சொல்லுங்களேன்.

பழைய மீனாட்சி

அம்மா, நானும் கொஞ்ச நேரம் எழுதாமல்தான் உட்கார்ந்திருந்தேன்.

ரங்கூன் 1942 மார்ச் 8இல் ஜப்பானியர் கையில் விழுந்தது. அதற்கு முன்பே டிசம்பரில் குண்டு விழத் தொடங்கியிருந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ வந்தார்கள். கிடைக்காத லட்சக்கணக்கானவர்கள் நடந்தார்கள். ஒரு வழி அரக்கான் மலையைத் தாண்டிச் சிட்டகாங், இன்றைய வங்கதேசத்தில் இருப்பது. இன்னொரு வழி வடக்கே மணிப்பூர். காலராவிலும் பசியிலும் வழியிலேயே போனவர்கள் ஆயிரக்கணக்கில். உங்கள் தாத்தாவின் தோழருடைய தகப்பனார் அரக்கான் வழியாக நடந்து வந்து சேர்ந்திருக்கிறார். கார்டு அங்கே போய்த்தான் போட முடிந்திருக்கிறது.

நோட்டைத் தயவுசெய்து வெயிலில் வைக்காதீர்கள். பக்கங்களுக்கு இடையே டிஷ்யூ காகிதம் வையுங்கள். படம் எடுக்கும்போது ஃப்ளாஷ் வேண்டாம்.

சம்பா நடவு

சரிங்க ஐயா. இன்னொண்ணும் இருக்கு. 1944 தை மாசத்துல: "இன்று முதல் ராத்திரி கோதுமைக் கஞ்சி." அதுக்குப் பக்கத்துல தாத்தா கையெழுத்துலயே "தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்குக் கோதுமை!"ன்னு ஒரு ஆச்சரியக்குறி.

குடந்தை வெற்றிலை

அந்த ஆச்சரியக்குறியில ஒரு ஜில்லாவே அழுது அக்கா 😀 பர்மா அரிசி நின்னு போச்சு, ரேஷன் வந்துடுச்சு. பத்து வருஷம் முன்னாடி பர்மா அரிசி வருதேன்னு அழுதோம். வராம போனதுக்கும் அழுதோம்.

நாகைத் தோழர்

போர்க்காலத்துல அண்ணாமலை நகர்ல இன்னொரு பயிரும் வளர்ந்தது. திருக்கண்ணபுரத்து நெடுஞ்செழியன், காட்டூர் அன்பழகன், ரெண்டு பேரும் நம்ம பக்கத்து ஆளுங்க, ரெண்டு பேரும் அங்க தமிழ் எம்.ஏ. நாற்பதுகள்ல அந்த விடுதி திராவிட இயக்கத்துக்குப் பேச்சுப் பட்டறை மாதிரி. இதே சமயம் கும்பகோணம் காலேஜ் விடுதியில பிராமணப் பசங்களுக்கு ஒரு தண்ணிப்பானை, மத்தவங்களுக்கு ஒரு பானைன்னு 1943ல சண்டை வந்து, திராவிட மாணவர் கழகம் அதுலேருந்துதான் கிளம்பிச்சு. வெற்றிலை அண்ணன் இதைச் சொல்லாம தாண்டிட்டார்!

குடந்தை வெற்றிலை

தாண்டலை, உங்களுக்காக விட்டு வச்சேன்.

பழைய மீனாட்சி

தமிழ்த்துறையைப் பேசும்போது கடலுக்கு அப்பால் பார்க்காமல் முடியாது. 1931இல் அங்கே முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்தவர் விபுலானந்த அடிகள், மட்டக்களப்புக் காரைதீவைச் சேர்ந்தவர். 1933இல் அவர் போனபின் நாவலர் சோமசுந்தர பாரதியார். 1937இல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கப் போகிறது என்றதும் அவருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியவர் இந்தப் பாரதியார்தான். அடிகள் பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். பல ஆண்டு ஆராய்ந்து எழுதிய அவருடைய யாழ் நூல் 1947 ஜூனில் அரங்கேறியது எங்கே தெரியுமா? நம்முடைய திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில். வெளியிட்டது கரந்தைத் தமிழ்ச் சங்கம். அடுத்த மாதம் அடிகள் மறைந்தார், அதற்கடுத்த மாதம் விடுதலை.

அந்த நாற்பதுகளிலேயே அண்ணாமலைக்கு வந்து தமிழ் படித்தவர் யாழ்ப்பாணத்துத் தனிநாயகம் அடிகள். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதற்கு அவர்தான் முதற்காரணம்.

சம்பா நடவு

அப்படின்னா தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகமும் அந்தக் கயிறுலதானே வருது? நான் அங்கதான் எம்.ஃபில். பண்ணேன். 1981 ஜனவரியில மதுரையில அஞ்சாவது மாநாடு, செப்டம்பர்ல எம்.ஜி.ஆர். அரசு தஞ்சாவூர்ல தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆரம்பிச்சது. வ.அய். சுப்பிரமணியம் முதல் துணைவேந்தர். இதெல்லாம் எங்களுக்கு வகுப்புலயே சொன்னாங்க. ஆனா நடுவுல இருக்கிற ஒரு தேதியை யாரும் சேர்த்துச் சொல்லலை. மே 31 ராத்திரி யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சது. தொண்ணூறாயிரத்துக்கு மேல புத்தகமும் ஏடும். மூணு மாசம் கழிச்சு இங்க நூலகத்துக்கு அலமாரி செஞ்சிட்டிருந்தாங்க. ரயில்கேட் அண்ணன் கேக்கற மாதிரி ஒண்ணால ஒண்ணு நடந்ததுன்னு சொல்ல மாட்டேன். ஆனா சுவர்ல ரெண்டும் ஒரே அடிக்குள்ள வரணும்.

ரயில்கேட்

இதுக்குக் கயிறு கேக்க மாட்டேன்மா. எழுதுங்க.

கொள்ளிடக்கரையான்

1965க்கு என்ன எழுதறது? "ராஜேந்திரன் பலி"ன்னு மட்டும் போட்டா பசங்களுக்கு ஏன்னு புரியாது.

நாகைத் தோழர்

அரசியல் சட்டத்துலேருந்து ஆரம்பிங்க. 1949 செப்டம்பர்ல முன்ஷி–ஐயங்கார் சமரசம். இந்தி ஆட்சிமொழி, ஆனா பதினஞ்சு வருஷம் ஆங்கிலமும் இருக்கும். அந்த ஐயங்கார், என். கோபாலசாமி ஐயங்கார், தஞ்சாவூர் ஜில்லாவுல பிறந்தவர்! சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. பதினஞ்சு வருஷ வாய்தா 1965 ஜனவரி 26ல முடிஞ்சது. மறுநாள் 27, சிதம்பரத்துல மாணவர் ஊர்வலம், போலீஸ் சுட்டதுல சிவகங்கை ராஜேந்திரன் செத்துப்போனார். மார்ச்ல மயிலாடுதுறையில சாரங்கபாணி, அவரும் காலேஜ் மாணவர், தீக்குளிச்சார். ரெண்டு வருஷத்துல ஆட்சியே மாறிடுச்சு.

ரயில்கேட்

நாங்க படிச்ச காலத்துல வாசல்ல இருக்கிற அந்தச் சிலைகிட்டதான் எல்லாரும் கூடுவோம். "சிலைகிட்ட நில்லு, வரேன்"னு சொல்லுவோம். சினிமாவுக்குப் போக. அது ராஜேந்திரன்னு எனக்குத் தெரிஞ்சது மூணாவது வருஷம். அதுவும் ஒரு ஜூனியர் பையன் சொல்லி.

வந்தவாசல்

1971ஐ எல்லாரும் நைசா தாண்டறீங்களே? முதலமைச்சர் கருணாநிதிக்கு டாக்டர் பட்டம், உதயகுமார்…

நெறியாளர்

1971: பட்டம் வழங்கப்பட்டது, எதிர்ப்பு நடந்தது, மாணவர் உதயகுமார் இறந்தார். இந்த மூன்றும் பட்டையில் இடம்பெறலாம். யார் காரணம் என்ற விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, ஏற்கெனவே பூட்டு போட்ட இழை. இங்கே தொடர வேண்டாம். இதற்குமேல் வந்த நான்கு பதிவுகள் நீக்கப்பட்டன.

உப்பனாறு

பரங்கிப்பேட்டையில கடல் உயிரியல் படிக்கிறேன். பல்கலைக்கழகம்னாலே எல்லாரும் ஹாலையும் மணிக்கூண்டையும் பேசறீங்க. வெள்ளாறு கடல்ல சேர்ற இடத்துல எங்க மையம் இருக்கு. எங்களை யாரும் கண்டுக்கறதே இல்லை.

2004 வரிசையில சுனாமின்னு மட்டும் எழுதாதீங்க. அதுல ஒரு சண்டை இருக்கு. பிச்சாவரம் பக்கத்துல 18 குப்பங்களை எடுத்துக்கிட்டு, முன்னால அலையாத்திக் காடு இருந்த இடத்துல சாவும் சேதமும் குறைவுன்னு எங்க மையத்து ஆய்வாளர்கள் 2005ல ஒரு கட்டுரை போட்டாங்க. உலகம் முழுக்க அதை எடுத்துப் பேசினாங்க, அலையாத்தி நடறதுக்குப் பணம் கொட்டுச்சு. அடுத்த வருஷமே வெளிநாட்டு ஆய்வாளர்கள் அதே புள்ளிவிவரத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்து, இல்லப்பா, கடல்லேருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு மேடுங்கிறதுதான் பெரிய காரணம், காடு இருக்கிற இடமே கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்குன்னு மறுத்து எழுதினாங்க. எனக்கு ரெண்டு பக்கமும் பிடிக்கும். சுரபுன்னை வேருக்குள்ள படகு விட்டுப் போனவங்களுக்கு அது அலையை உடைக்கும்னுதான் தோணும். ஆனா தோணறதை அளந்து பார்க்கணும்ல? அந்தச் சண்டை நம்ம ஊர் மணலை வச்சு நடந்ததுங்கிறதைப் பசங்களுக்குச் சொல்லுங்க. நிலாவை விட அது பக்கம்.

குடந்தை வெற்றிலை

நிலாவை இன்னுமா விடலை?

கொள்ளிடக்கரையான்

2013 ஒண்ணுதான் பாக்கி. பணநெருக்கடி, அரசு நிர்வாகியைப் போட்டது, புதுச் சட்டம், நிறுவனர் குடும்பத்தோட இணைவேந்தர் பரம்பரை உரிமை முடிஞ்சது. அதுக்கப்புறம் ஊழியர்களை மத்த அரசுக் கல்லூரிகளுக்கு மாத்தினாங்க. எங்க ஊர்லயே நாலு வீடு அதுல திருநெல்வேலி வரைக்கும் போயிருக்கு. பெட்டி கட்டினவங்க பெண்டாட்டி பிள்ளைங்க எல்லாம் இந்தச் சுவரைப் பார்ப்பாங்க. பார்த்து எழுதணும்.

பழைய மீனாட்சி

"தனியார் கொடையில் 1929, அரசுப் பொறுப்பில் 2013" என்று எழுதுங்கள். யாரும் வருத்தப்பட மாட்டார்கள். யாருக்கும் திருப்தியும் இருக்காது. சுவருக்கு அது போதும்.

ரயில்கேட்

தம்பி, கணக்குப் போட்டேன். 1920லேருந்து 2029 வரைக்கும் 109 வருஷம், இருபது அடி. ஒரு வருஷத்துக்கு ரெண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல, ரெண்டேகால்கூட முழுசா வரல. 1942 இடது மூலையிலேருந்து நாலு அடியில வரும். அங்க என்ன எழுதப் போறீங்க?

கொள்ளிடக்கரையான்

பசங்ககிட்ட இந்த இழையை வாசிச்சுக் காட்டினேன். ஒன்பதாவது படிக்கிற ஒருத்தி சொன்னா: மேல் வரிசையில "ரங்கூன் வீழ்ச்சி", நடுவுல "வெள்ளையனே வெளியேறு", கீழ "வி.க்கு தபால் இல்லை". அவ்வளவுதான், வேற விளக்கம் வேண்டாம்னுட்டா. சம்பா நடவு அக்கா, உங்களுக்குச் சம்மதமா?

சம்பா நடவு

சம்மதம். அத்தைகிட்டயும் கேட்டுட்டேன். தாத்தா எழுத்து மாதிரியே சாய்வா எழுதச் சொல்லுங்க. "இல்லை"ல ஐகாரத்தை அவர் பழைய மாதிரி தும்பிக்கை போட்டு எழுதுவார். போட்டோ அனுப்பறேன்.

கொள்ளிடக்கரையான்

பெயின்டர்கிட்ட காட்டினேன். பழைய லைக்குத் தனிக் காசு இல்லைங்கறார். ஆனா அந்த நாலாவது அடியிலதான் சுவர் ஓதம் காத்திருக்காம். சுண்ணாம்பு உப்பிப் பேந்து கிடக்கு. சுரண்டிக் காயவிட்டு ரெண்டு கை பட்டி பார்த்தாத்தான் எழுத்து நிக்கும். ஞாயித்துக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கறோம். வர்றவங்க தகடு இருந்தா ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டு வாங்க. மதியம் சாப்பாடு எங்க வீட்டுல.

குடந்தை வெற்றிலை

கோதுமையா?

கொள்ளிடக்கரையான்

சம்பா சோறு, கொத்சு.